முகம் கரந்த வசை: மலையக அனுபவத்தின் வழி ஒரு நோக்கு

வசை தமிழுக்குப் புதியதன்று. அதற்கு இலக்கணமும் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலிலே அங்கதத்தை இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழித்தல் செம்பொருள் அங்கதம் எனப்பட்டது. பழியை மொழிக்குள் மறைத்துக் கூறுதல் பழிகரப்பு அங்கதம் எனப்பட்டது. இவ்விரு வகையிலும் ஒரு செய்தி பொதுவாக இருப்பதை உரையாசிரியர்கள் தனித்துச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. பழித்தவர் யார் என்பது அவையோர்க்குத் தெரியும் என்பதே அச்செய்தி. கரக்கப்பட்டது பழியே, பழிப்பவர் கரக்கப்படவில்லை.

இன்று சமூக ஊடகங்களில் வளர்ந்துள்ள வசை இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கியுள்ளது. இங்கே பழி வெளிப்படையானது, எவ்வித அணியும் அற்றது. பழிப்பவரோ பொய்ப்பெயருக்கும் களவாடிய படத்துக்கும் பின்னால் மறைந்திருக்கிறார். தொல்காப்பியர் காணாத இம்மூன்றாம் வகையை ‘முகம் கரந்த வசை’ எனலாம். இதனைத் தொழிலாகக் கொண்டவர்களை வம்பர் என்று அழைப்பதே பொருத்தம். வம்பருக்கு மறுமொழி தேவையில்லை; கலக்கமே தேவை. ஒருவர் சினந்து எழுதினால் அது அவருக்கு வெற்றி. ஒருவர் விளக்கம் எழுதினால் விவாதம் திசைமாறியது என்ற வகையில் அதுவும் வெற்றி. ஒருவர் மனம் நொந்து எழுதுவதையே விட்டுவிட்டால் அது முழு வெற்றி.

இவர்களை எதிர்கொள்வதற்குப் பொதுவாக மூன்று வழிகள் கூறப்படுகின்றன. கண்டுகொள்ளாது விடுதல் ஒன்று. அதே மொழியில் திருப்பிக் கொடுத்தல் மற்றொன்று. சட்டத்தின் துணையை நாடுதல் மூன்றாவது. இவற்றின் பெறுமதியைச் சீர்தூக்குவதற்கு மலையகத் தமிழரின் வரலாறு தக்கதோர் உரைகல்லாக அமையும். 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு இந்நாட்டுக்கு வரத் தொடங்கிய இம்மக்கள், தமக்கு மற்றவர் இட்ட இழிபெயர்களுக்கு நடுவிலேயே இரண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். வசையை எதிர்கொள்ளுதல் அவர்களுக்குப் புதுக்கருவிகள் கொண்டுவந்து சேர்த்த புதுப்பிரச்சினை அன்று.

‘கள்ளத்தோணி’ என்னும் சொல்லை முதலில் நோக்கலாம். அனுமதியின்றிக் கடல் கடந்து வந்தோரைக் குறிக்க எழுந்த இச்சொல், காலப்போக்கில் தோட்டத் தொழிலாளர் அனைவர்மீதும் சுமத்தப்பட்டது. ஆனால், தோட்டங்களுக்கு ஆள்திரட்டப்பட்ட முறையோ இதற்கு நேர்மாறானது. தட்டப்பாறை, மண்டபம் முகாம்களில் பதியப்பட்டு, நோய்த்தடைக் காவலில் வைக்கப்பட்டு, தலைமன்னார் வழியாகக் கணக்கெடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்துண்டும் இவர்கள் கழுத்தில் தொங்கியது. இந்நாட்டுக்குள் வந்தவர்களில் இத்துணை எண்ணப்பட்டவர், எழுதப்பட்டவர், முத்திரையிடப்பட்டவர் வேறெவரும் இலர். அவர்களே ‘கள்ளத்தோணி’ எனப்பட்டார்கள்.

இம்முரண் ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. வசைச்சொல் அறியாமையினால் பிறப்பதன்று. ஆகவே தகவலைத் திருத்துவதனால் மட்டும் அது மாய்வதுமில்லை. அதன் தொழில் செய்தி கூறுவது அன்று. இந்த அவையில் பேச உனக்கு உரிமை இல்லை என்று ஒருவரை வெளியேற்றுவதே அதன் தொழில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவர் ஆக்கியபோதும், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் எதிர்காலத்தைப் பின்னைய பேச்சுக்கு விட்டுவைத்தபோதும், அம்மக்களின் சொல் அவையேறவில்லை. சட்டம் செய்ததையே தெருவில் வசைச்சொல் நாள்தோறும் செய்து வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை வழங்கிய பின்னரும் சொல் எஞ்சி நிற்பது இதனாலேயே ஆகும்.

இங்கு மற்றொன்றையும் மறைத்தல் தகாது. ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’ ஆகிய சொற்கள் தமிழர் வாயிலிருந்தே தமிழர்மீது வீசப்பட்டவை. இன்று மலையக இளைஞர் ஒருவர் பொதுத்தளம் ஒன்றிலே கருத்துரைக்கும்போது அவரை வாயடைக்க வரும் முதற்சொல் பல வேளைகளில் தமிழ் எழுத்திலேயே வருகிறது. வம்பர் எப்போதும் வெளியார் என்று கருதுவது தற்புகழ்ச்சியின் ஒரு வடிவமே.

அவ்வாறாயின் முகம் கரத்தலே குற்றம், எல்லோரும் தம் பெயரில் பேசினால் வசை ஒழியும் என்று முடிவுகட்டலாமா? மலையக வரலாறு இதற்கும் எளிதில் இடங்கொடாது. தோட்டத்து வாழ்வில் மொட்டைப் பெட்டிசத்துக்கு ஓர் இடம் இருந்தது. கங்காணியின் கொடுமையையோ கணக்கப்பிள்ளையின் நிறைமோசடியையோ தன் பெயரிட்டு எழுதிய தொழிலாளிக்குப் பற்றுச்சீட்டே பரிசாகக் கிடைக்கும். வேலையோடு லயத்து அறையும் போகும். அறையோடு ஊரும் உறவும் போகும். அத்தகையவனுக்குப் பெயரின்மை கோழைத்தனம் அன்று, உயிர்க்கவசம். கோ. நடேசய்யர் (1887-1947) தோட்டங்களின் நிலைமையை நேரில் அறியப் புடைவை வியாபாரி வேடத்தில் உள்ளே சென்றார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதைத் துரைமார் தடுத்திருந்த காலம் அது. ஆயின், உள்ளே செல்ல வேடம் பூண்டவர், கண்டதை உரைக்கும்போது தம் பெயரிலேயே உரைத்தார். ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். 1936இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் அமர்ந்தார்.

ஆகவே வேறுபாடு முகமூடியில் இல்லை. அதன் திசையில் உள்ளது. மெலியோர் வலியோரை நோக்கிப் பேச மறைவதும், வலியோர் மெலியோரைத் தாக்க மறைவதும் ஒன்றல்ல. மொட்டைப் பெட்டிசத்தில் விசாரித்து அறியத்தக்க ஒரு பொருள் இருக்கும்: இன்ன நாளில், இன்ன மலையில், இன்னாருக்கு, இத்தனை இறாத்தல் குறைக்கப்பட்டது என்னும் செய்தி இருக்கும். பெட்டிசம் பொய்யாகவும் இருக்கலாம், பழிதீர்க்கும் கருவியாகவும் ஆகலாம் என்பது மெய்யே. எனினும் அதன் பொய்யை ஆராய்ந்து காண இயலும். வம்பரின் வசையில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. யார் எழுதினார் என்பதினும் ஆராயத்தக்க பொருள் அதில் உண்டா என்பதே முதலிற் கேட்கற்பாலது.

வசைக்கு இடமளித்து அதனை ஒழுங்குக்குள் வைத்திருந்த அவைகளும் இம்மக்களிடம் இருந்தன. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் தோட்டங்களிற் காமன் கம்பம் நடப்படும். அதிலிருந்து காமன் தகனம் வரையிலான நாட்களில், தப்பொலியின் நடுவே, காமன் பொட்டலில் ரதியும் மதனும் தர்க்கம் புரிவர். சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லாதே என்று ரதி தடுப்பாள். மதன் அதை மறுத்துச் சிவனை எள்ளி உரைப்பான். கடவுளையே ஏளனம் செய்யும் சொல் பொதுவிடத்தில், பெரியோர், பெண்டிர், சிறுவர் அனைவர் முன்னிலையிலும் எழுகிறது. யாரும் அதனைத் தடுப்பதில்லை. ஏனெனில் அச்சொல்லுக்கு மறுசொல் உண்டு. இரண்டுக்கும் காலவரையறை உண்டு. சொல்பவன் அரிதாரம் பூசியிருந்தாலும் எந்த லயத்துப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதே காமன் பண்டிகையைச் சார்ந்து தஞ்சைப் பகுதியில் வளர்ந்த லாவணி, வசையின் ஒழுங்கை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. டேப் அடித்து ஒருவர் பாட்டிலே வினாவெழுப்ப, மற்றவர் பாட்டிலேயே விடையிறுக்க வேண்டும். இடையே எள்ளலும் ஏசலும் தாராளமாக வரும். ஆனால், ஏசுபவன் எதிரே அமர்ந்திருக்கிறான்; ஏச்சைத் தாளத்துக்கும் புராணச் செய்திக்கும் உட்படுத்தியே ஏச வேண்டும்; விடையிறுக்க முடியாதவன் தோற்றான் என்று தீர்ப்பதற்குக் கேட்போர் கூடியிருக்கிறார்கள். எதிராளி, விதி, கேட்போர் என்னும் மூன்றும் அங்கே வசையைக் கலையாக்கின. வம்பர் இம்மூன்றையும் ஒருங்கே ஒழித்துவிடுகிறார். அவர் எதிரே அமர்வதில்லை; எவ்விதிக்கும் உட்படுவதில்லை; கேட்போரைத் தீர்ப்பாளராக அன்றி வேடிக்கை பார்ப்போராக மாற்றிவிடுகிறார்.

கேட்போரின் இம்மாற்றமே உண்மையான ஆபத்து. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (தொகுதியாக 1980) இதனை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும் சிறுகதையாகும். மற்றவர்களை விஞ்சிக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் உழைப்பின்மீது ஐயமும் அவதூறும் எழுகின்றன. அவள் அழுது ஒதுங்கவுமில்லை. ஏசியவரை ஏசி அமையவுமில்லை. தன் உழைப்பைக் கொண்டே அந்த அவதூறைப் பொய்யாக்குகிறாள். இக்கதையின் சிறப்பாகப் பெண்ணின் தன்மானத்தைக் கூறுவது பொருத்தமே. ஆயினும் அத்தன்மானம் வெற்றிபெறுவதற்கு ஒரு புறநிலை ஏது இருந்தது என்பதும் கருதத்தக்கது. தோட்டத்தில் தராசு என்று ஒன்று உண்டு. மடுவத்தில் கூடை தொங்கும்போது நிறை அனைவருக்கும் தெரியும். தராசின் முன் அவதூறு நெடுநேரம் நிற்க முடியாது. தராசில் மோசடி நிகழ்ந்த தோட்டங்கள் பல. அதனாலேயே அதனைக் கண்காணிக்கத் தொழிலாளர் போராடினர். நேர்மையான தராசு தானாகக் கிடைப்பதன்று என்பதும் அதனுள் அடங்கிய பாடமாகும். இன்றைய ஊடகத் தளங்களிலே எல்லாம் இருந்தும் இல்லாதது அத்தராசே. அங்கே நிறுக்கப்படுவது சொல்லின் உண்மை அன்று. அது எத்தனை பேரைக் கிளர்ந்தெழச் செய்தது என்பதே.

பெருந்திரளின் வசையை ஓர் அரசியல் இயக்கம் எதிர்கொண்ட முறைக்கு மீனாட்சி அம்மாள் எடுத்துக்காட்டாவார். நடேசய்யரின் துணைவியாரான அவர் தோட்டக் கூட்டங்களிற் பாரதி பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடியவர். 1930களின் இறுதியில் இந்தியர் எதிர்ப்புப் பிரசாரம் உச்சத்தை அடைந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலியாட்கள் நீக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில் நேரு வந்து சென்றதை அடுத்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இச்சூழலில், 1940இல், மீனாட்சி அம்மாளின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூல் வெளிவந்தது. இலக்கிய நயம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் இப்பாடல்களை எளியவை என்று ஒதுக்கிவிடுதல் கூடும். அவை யாரை நோக்கிப் பாடப்பட்டன என்று கேட்டால் அவற்றின் ஆற்றல் விளங்கும். பழித்தவர்களின் கூற்று அங்கே பேசுபொருள் மட்டுமே. பாடலின் முகம் பழிக்கப்பட்ட மக்களை நோக்கியிருந்தது. எழுத்தறியாதவரும் கேட்டுத் திரும்பப் பாடும் மெட்டில், உங்கள் உழைப்பு இது, உங்கள் உரிமை இது என்று அவை உரைத்தன. வம்பருக்கு மறுமொழி கூறுவதற்கும், வம்பின் முன் நிலைகுலைந்து நிற்கும் தம் மக்களுக்கு மறுமொழி கூறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது முடிவற்றது, பின்னது பயன்தருவது.

இதன் அடுத்த படியை 1960களிற் காணலாம். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இர. சிவலிங்கம் முதலானோர், ‘மலையகம்’ என்னும் அடையாளத்தைக் கல்வி பெற்ற புதிய தலைமுறையின் கையில் கொடுத்தனர். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை மறுத்து ஆயிரம் விளக்கங்கள் எழுதியிருக்கலாம். ஒவ்வொரு விளக்கமும் அச்சொல்லை மீண்டும் ஒருமுறை உச்சரித்திருக்கும். அவர்கள் செய்தது வேறு. தம்மைத் தாமே அழைக்கும் பெயர் ஒன்றைப் படைத்து, அதன்கீழ் எழுதவும் பேசவும் ஆடவும் இளைஞரை அழைத்தனர். வீரகேசரி நிறுவனமும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் தொடர்புபட்ட சிறுகதைப் போட்டிகளில் வெற்றிபெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுதியாயின. பழிபெயரின் இடத்தைத் தன்பெயர் பிடித்துக்கொண்டது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது பதாகைகளில் இருந்தது இப்பெயரே.

இப்பின்னணியில் இன்றைய நிலையை நோக்குமிடத்து ஓர் உண்மை கசப்பாகவே தோன்றும். 2015 முதல் 2021 வரை நீடித்த 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கையின்போது தோட்டத்து இளைஞர்கள் கைப்பேசி வழியே ஒருவரையொருவர் அறிந்தனர்; கருத்தும் கோரிக்கையும் பரிமாறினர். முன்னைய தலைமுறைக்குக் கிட்டாத வாய்ப்பு அது. ஆனால் அதே வெளியிலேயே சம்பளக் கணக்கைப் பற்றிய பேச்சு தொழிற்சங்கப் பகையாகவும், சங்கப் பகை சாதிப் பேச்சாகவும், சாதிப் பேச்சு வீட்டுப் பெண்களைப் பற்றிய இழிமொழியாகவும் சரிவதைக் காணலாம். துரைமாரும் கம்பனிகளும் விடையிறுக்க வேண்டிய வினாக்கள் இச்சரிவிலே காணாமற் போகின்றன. வசையினால் ஆதாயம் பெறுவோர் வசைபாடுவோர் மட்டுமல்லர்.

இதில் மிகுந்த இழப்புக்கு உள்ளாவோர் பெண்கள். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும் தொழிற்சங்க மேடைகளில் அவர்கள் குரல் அரிதாகவே ஒலித்தது. எழுத்து வழியே பேசும் வாய்ப்பு கிட்டிய ஒரு தலைமுறைப் பெண்கள், நடத்தையைப் பழிக்கும் இரண்டு மூன்று சொற்களால் மீண்டும் மௌனத்துக்குத் தள்ளப்படுவார்களாயின், அது தனிப்பட்டவரின் மனவருத்தம் மட்டுமன்று. மீனாட்சி அம்மாள் திறந்த வாயிலை அடைப்பதாகும். கண்டுகொள்ளாது விடுங்கள் என்னும் அறிவுரை இங்கேதான் தோல்வியடைகிறது. வசைக்கு ஆளானவர் மௌனம் காப்பது அவர் உரிமை. கேட்டிருந்தவர்கள் மௌனம் காப்பது உடந்தையாகும்.

சட்டம் இவ்விடத்தை நிரப்புமா? 2018 மார்ச்சில் இம்மலைநாட்டின் ஒரு பகுதியான கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை மூண்டபோது, வெறுப்புரை சமூக ஊடகங்களில் பரவுவதைக் காரணங்காட்டி அரசாங்கம் அவற்றைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. உள்ளூர் மொழிகளைப் புரிந்து உடனுக்குடன் செயற்படத் தவறியமை அதன்மீது சுமத்தப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வசை வளர்ந்து தீயாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. அவ்வகையில் சட்டத்துக்கு இடமுண்டு. எனினும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஊடக அமைப்புகளும் உரிமை அமைப்புகளும் எதிர்த்தமைக்கும் காரணம் உண்டு. எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழு ஒன்றின் கையில் இருக்குமாயின், முதலில் கழற்றப்படும் முகமூடி வம்பருடையதா, மொட்டைப் பெட்டிசம் எழுதிய தொழிலாளியுடையதா என்ற வினா எழாமல் இராது. 1948இன் அனுபவம் பெற்ற மக்கள் இவ்வினாவை எளிதாக மறக்க இயலாது.

மேலும், வசையின் நுட்பம் சட்டப் புத்தகத்துக்கும் இயந்திரத்துக்கும் அகப்படுவதன்று. ‘தோணி’ என்பது நல்ல தமிழ்ச்சொல். ‘தோட்டம்’ அதனினும் நல்ல சொல். அவை எப்போது வாளாகின்றன என்பதைக் கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ அமர்ந்திருப்பவர் அறியமாட்டார். அச்சொல் பட்ட மக்களே அறிவர். ஆகவே முதல் தீர்ப்பு அவர்களுடைய அவையிலிருந்தே எழவேண்டும்.

அவ்வவையை அமைத்தல் இயலாத செயலன்று. எந்தக் குழுவை நடத்துவோரும் மூன்று கடமைகளை ஏற்கலாம். முதலாவது, வரும் சொல்லில் விசாரிக்கத்தக்க பொருள் உண்டா என்று பார்த்தல்; பொருள் இருப்பின், கூறியவர் பெயரற்றவராயினும், சொல் கடுமையாயினும், அதற்கு இடமளித்தல். இரண்டாவது, பொருளற்ற வசையை ஆரவாரமின்றி அகற்றி, எடுத்த பேச்சுக்கு அவையைத் திருப்புதல். மூன்றாவது, வசைபட்டவரைத் தனியே விடாது, கேட்டிருந்தவர்கள் பெயர்சொல்லி அவர் பக்கம் நிற்றல். மூன்றாவதே கடினமானது. வள்ளுவர் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். தீயசொல்லைத் தவிர்த்தல் தனிமனித ஒழுக்கம். அவையில் அஞ்சாது நிற்றல் அதனின் வேறான கல்வி.

வம்பர் முற்றாக ஒழிவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு பெயரை அகற்றினால் மறுநாள் வேறொரு பெயரில் வருவார். எத்தனை வம்பரை வெளியேற்றியது என்பதைக் கொண்டு ஓர் அவையின் தரத்தை அளத்தலும் சரியன்று. பழிக்கப்பட்டவர் அடுத்த நாள் அதே இடத்தில், அதே பொருளைப் பற்றி, மீண்டும் பேசினாரா என்பதே அதனை அளக்கும் தராசு.